மேஸ்திரிகாரு

பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். பாக்கியராஜ் மேஸ்திரி பொட்டிக்குக் கட்டவேண்டிய பாக்கி அவ்வளவு. எளாவூர் குடோனில் அது யாருக்கும் மறைவான விஷயம் இல்லை.

பொட்டி என்றால் மூட்டை தூக்குகிற பன்னிரண்டு பேர் செட்டுக்கும் பொதுவான தகரப்பொட்டி. ஒவ்வொரு லாரி இறங்கினதும் கூலியில் கொஞ்சம் அதில் விழும். காய்ச்சல், கல்யாணம், சாவு என்று வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. கடன் வாங்குகிறவன் தன் தலைத்துண்டில் ஒரு கீற்றுக் கிழித்து பொட்டியின் கைப்பிடியில் முடிச்சுப் போடவேண்டும். எவ்வளவு என்பது பொட்டியைப் பார்த்துக்கொள்கிற அப்பாவுவின் மனசில் இருக்கும். கடன் அடைந்த அன்றைக்கு அவிழ்த்துக்கொள்ளலாம். இப்போது கைப்பிடியில் தொங்கியது ஒரே ஒரு துணி, சிவப்புக் கட்டம் போட்டது. போன வருஷம் மகள் ஜெபாவைத் திருவள்ளூரில் நர்ஸ் படிப்பில் சேர்த்தபோது பாக்கியராஜ் கட்டியது.

துணி தொங்குகிறவரைக்கும் மூட்டை இழுக்கிற கொக்கியைக் கீழே வைக்கக்கூடாது, வேலையை விடக்கூடாது. அது செட்டின் கட்டுப்பாடு. தண்டலில் தினவட்டிக்கு வாங்கி இதை அடைத்துவிட்டு வீட்டில் உட்காரலாம்தான். அப்புறம் தண்டல்காரனுக்கு யார் கட்டுவது?

பாக்கியராஜின் பெண்சாதி சின்னப்பொண்ணுவும் அதே குடோனில்தான் வேலை செய்தாள். கிழிந்த மூட்டைகளைக் கோணி ஊசியால் தைப்பது, சிந்தின சோளத்தைக் கூட்டி வாருவது. ஆந்திராவிலிருந்து வருகிற மக்காச்சோளம் செக்போஸ்ட்டைத் தாண்டி அந்தக் குடோனில் இறங்கி, பிறகு மாட்டுத்தீவனக் கம்பெனிகளுக்குப் போகும். கதவோரம் சாக்கு விரித்து உட்கார்ந்தால் அவள் கண்ணுக்கு நேரே தெரிவது பலகைதான். கீழே தரையிலும் மேலே மூட்டை அடுக்கின அட்டியிலும் முட்டுக் கொடுத்த ஒன்றரை அடி அகலப் பலகை. அதில் ஏறுகிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. கெண்டைக்கால்கள்தான் தெரியும். பன்னிரண்டு ஜோடிக் காலையும் முகம் பார்க்காமல் பேர் சொல்லுவாள்.

அதனால்தான் அவளுக்கு முதலில் தெரிந்தது. புருஷனின் இடது கால் மற்ற கால்களைப் போல விழவில்லை. வைத்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒருநாள் பலகையின் பாதியில் அந்தக் காலின் செருப்பு கழன்று கீழே விழுந்தது. அவன் வெறுங்காலோடு ஏறி, மூட்டையைப் போட்டு, இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய் நின்றான். செருப்பு போனதே அவனுக்குத் தெரியவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இடுப்பு எலும்புக்கு நடுவிலே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். இன்னும் சுமந்தால் அந்தக் கால் மொத்தமாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். பாக்கியராஜ் வாட்ச்மேன் என்றான்.

அவன் சாதாரணமாகச் சுமக்கிறவனாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மேஸ்திரி. எல்லா லாரியிலும் முதல் மூட்டையும் கடைசி மூட்டையும் மேஸ்திரியுடையது. பலகை தாங்குமா, தரை வழுக்குமா என்று முதலில் பார்க்கவேண்டியது அவன் உடம்பு. எல்லாரும் ஓய்ந்துபோன பிறகு மிஞ்சுகிற ஒன்றும் அவன் கழுத்துக்கு. மூட்டை வெடித்துச் சேதாரம் என்று முதலாளி பிடித்தால் அதுவும் மேஸ்திரி பங்கில். பங்கு மட்டும் எல்லாருக்கும் சமம்.

இதிலிருந்து இறங்க ஒரே ஒரு வழி இருந்தது. செட்டில் யாராவது ஒருவன் அவனை 'மேஸ்திரிகாரு' என்று கூப்பிட வேண்டும்.

அந்தக் 'காரு' தெலுங்கு. அங்கே அது வெறும் மரியாதை. எளாவூர் செட்டில் அது வேறு. அந்த வால் பெயரில் ஒட்டின பிறகு அந்த ஆள் சுமக்கக்கூடாது. கதவாண்டை உட்கார்ந்து பலகையையும் அட்டியையும் பார்த்துக்கொண்டால் போதும், பங்கு வந்துவிடும். பொட்டி அவனிடம் கை நீட்டாது, பழைய பாக்கி இருந்தாலும் தள்ளுபடி. ஆனால் கேட்டு வாங்கக்கூடாது, கூட்டம் போட்டுத் தரக்கூடாது, வீட்டு ஆட்கள் சொல்லக்கூடாது. செட்டுக்காரன் ஒருவனுக்குத் தானாகத் தோன்றி வாயில் வரவேண்டும். முதலில் சொல்கிறவன்தான் அடுத்த மேஸ்திரி. அன்றிலிருந்து முதல் மூட்டையும் கடைசி மூட்டையும் அவனுடையது. அப்படியிருக்க யார் வாயில் சுலபமாக வரும்? செட்டு ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் வந்திருக்கிறது.

அதில் ஒருவரைச் சின்னப்பொண்ணு பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி, தைக்கிற வேலைக்கு முதல் நாள் வந்தபோது. ஓபுலு மேஸ்திரிகாரு. ஒட்டின கன்னமும் முட்டிக்கு மேல் கட்டின வேட்டியுமாக ஒரு ஆள். அட்டி சாய்கிற மாதிரி இருக்கிறதென்று பார்க்கப் பலகையை நோக்கி நடந்தார். பலகை முழுக்க மூட்டையோடு ஆட்கள். சுமையோடு வருகிறவனுக்குத்தான் உலகத்தில் வழி விடுவார்கள். அங்கே ஐந்து பேர், அறுபது கிலோ கழுத்தில் அழுத்த, அப்படியே ஓரத்துக்கு ஒதுங்கி நின்று கைவீசி நடக்கிற அவருக்கு வழி விட்டார்கள். ஒருவன் முகத்திலும் கோபம் இல்லை. அவர் தாண்டுகிறவரைக்கும் குடோனில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சின்னப்பொண்ணுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. தாசில்தார் வந்தபோதும், ஓட்டுக் கேட்டு அமைச்சர் வந்தபோதும் ஜனங்கள் ஒதுங்கி நின்றதைப் பின்னால் பார்த்தாள். அது இது மாதிரி இல்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை. கூழும் சுட்ட கருவாடும் வைத்தாள். பாக்கியராஜ் சுவரில் முதுகைச் சாய்த்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

"ஆதிகேசவன் ஊட்டாண்ட போய் ஒரு வார்த்த சொல்லட்டா?" என்றாள்.

"இன்னான்னு?"

"உன் காலு செத்துகினு வர்துன்னு."

"அவனுக்குத் தெரியாதா மே? என் பின்னாடியே வரான். ரெண்டு வாட்டி செருப்ப எடுத்துக் குடுத்ததே அவன்தான்."

"தெரிஞ்சும் வாய தொறக்கல பாரு."

"தொறந்தா மொத மூட்ட அவன் முதுவுல. ரெண்டு பொட்டப்புள்ளய வச்சிகினு கீறான். நான் அவன் எடத்துல இருந்தா நானும் தொறக்கமாட்டேன்."

"அப்ப உன் காலு?"

"நடக்குது இல்ல? நடக்கிற வரிக்கும் நடக்கட்டும்."

அதற்குமேல் அவனிடம் பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆதிகேசவன் செட்டில் இரண்டாவது ஆள். கெட்டவன் இல்லை. வாய் மட்டும் துடுக்கு. அவன் வீட்டுக்குப் போவது கேட்டு வாங்குகிற கணக்கில் சேரும். வேறு வழி யோசித்தாள். யோசித்தது கோணலாகப் போயிற்று.

ஆந்திரா சூளூர்பேட்டைக்காரன் சீனய்யா மாதத்துக்கு நாலைந்து லோடு கொண்டுவருகிற டிரைவர். சின்னப்பொண்ணு கையில் இரண்டு வாய் கருவாட்டுக் குழம்பு வாங்கிச் சாப்பிடாமல் போகமாட்டான். அவன் செட்டுக்காரனும் இல்லை, வீட்டு ஆளும் இல்லை. அவன் வாயால் ஒரு தடவை அந்த வார்த்தை குடோனுக்குள் விழுந்துவிட்டால், விழுந்ததை யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா? முதலில் சொல்வதற்குத்தானே பயம். இரண்டாவதாகச் சொல்ல என்ன பயம்?

அன்று அவன் லோடோடு வந்ததும் டீக்கடை ஓரத்தில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னபோது சீனய்யா சிரித்துவிட்டான். "இதுக்கா அக்கா இப்டி நடுங்கறே? எங்க ஊர்ல முடி வெட்றவரும் காரு, கண்டக்டரும் காரு. கடன் குடுத்தவன் வாசல்ல நின்னு திட்டும்போதுகூட காருன்னுதான் சொல்லுவோம். சொல்றதுக்கு துட்டா ஆவுது?"

"ஒரே ஒரு வாட்டி சொல்லுண்ணா, போதும்."

"நூறு வாட்டி சொல்றேன்."

அன்றைக்கு வானம் காலையிலேயே இருட்டிக்கொண்டு நின்றது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இரும்பு மில்களின் புகை மேலே ஏறமுடியாமல் ரோட்டு மட்டத்துக்குக் கவிந்திருந்தது. வரிசையில் மூன்று லாரி. மழை பிடிப்பதற்குள் இறக்க வேண்டும், நனைந்த சோளம் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். சீனய்யாவின் லாரி முதலில் நின்றது. தார்பாய் அவிழ்த்தாயிற்று. பாக்கியராஜ் தலையில் துண்டைச் சுற்றி, குனிந்து, முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

சீனய்யா கேபினிலிருந்து தலையை நீட்டி, குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "மேஸ்திரிகாரு, கொஞ்சம் ஜல்தி பண்ணுங்க. மய வர்து."

மேலே மூட்டையைப் பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே நின்றார்கள். பலகையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவன் கையை எடுத்தான். பாக்கியராஜ் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. சீனய்யாவுக்கே சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் ஊரில் காற்றைப் போல வந்து போகிற வார்த்தை இங்கே ஒரு பாறையைப் போட்ட மாதிரி விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

ஆதிகேசவன்தான் முதலில் பேசினான். "இன்னா மேஸ்திரி, பட்டத்த ஆந்திராலருந்தே எறக்கிக்கினியா? சோளத்தோட சேத்து எங்கள தூக்கச் சொல்றியா?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுடா ஆதி."

"தெரியாமத்தான் டிரைவரு வாயில வந்துச்சா? இத்தினி வருசமா மேஸ்திரின்னு கூப்புட்டவருக்கு இன்னிக்கி வால் மொளச்சிட்ச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கேட்டு வாங்கப் பார்த்தான் என்ற பேர் விழுந்தால் அப்புறம் ஆயுசுக்கும் அந்த வார்த்தை அவனுக்கு வராது. அது சின்னப்பொண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் ஊசியோடு எழுந்து நின்றாள்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான்தான் டிரைவரண்ணன சொல்லச் சொன்னேன். அதோட காலப் பாத்துட்டு எனுக்கு மனசு கேக்கல. தப்பு என்னுது."

பாக்கியராஜ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்தபடியே, தரையைப் பார்த்தபடியே செட்டுக்குச் சொன்னான்: "கேட்டீங்க இல்ல? டிரைவரு அவங்க ஊரு மரியாதைக்கு சொன்னாரு. அத அவரு லாரியிலயே ஏத்திகினு போவட்டும். இங்க எறக்குறது சோளம் மட்டுந்தான். மூட்டய வைங்கடா."

வைத்தார்கள். அவன் ஏறினான்.

அன்றைக்கு அவன் செய்த வேலையைச் சின்னப்பொண்ணு சாகும்வரை மறக்கமாட்டாள். தன் முறைக்கு ஒன்றுகூடக் குறைக்கவில்லை. நடுவில் பீடிக்கு உட்காரவில்லை. இடது காலை வீசிப் போட்டு, விழுந்த இடத்தில் ஊன்றி, வலது காலால் உடம்பை மேலே தள்ளி ஏறினான். காலைப் பார்த்துப் பார்த்து வைத்தான், உணர்ந்து வைக்க முடியாததால். அவள் தைத்த தையலெல்லாம் கோணலாக வந்தது, பிரித்துப் பிரித்துத் தைத்தாள். மத்தியானம் சோற்றுத் தூக்கை அவன் அருகில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவன் அவள் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டான். லாரி காலியானதும் சீனய்யா அதை ஓரம் கட்டிவிட்டு, புறப்படாமல் கேபினிலேயே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது லாரி பாதி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கடற்கரைப் பக்கத்திலிருந்து காற்றோடு அடித்த மழை. ஆட்களின் காலில் ஒட்டின சேறு பலகையில் ஏறி, பலகை மெழுகின மாதிரி ஆகிவிட்டது. சின்னப்பொண்ணு சாக்கைப் போட்டுத் துடைத்தாள், அடுத்த கால் வந்ததும் மறுபடி சேறு. கடைசி மூட்டை வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. பாக்கியராஜ் முதுகைக் கொடுத்தான்.

பலகையின் பாதி தாண்டினான். இடது காலின் செருப்பு கழன்று அவள் சாக்கின்மேல் வந்து விழுந்தது. அந்தக் கால் ஒரு சாண் பின்னால் வழுக்கி, ஒரு ஆணித்தலையில் தட்டி நின்றது. அவனும் நின்றான்.

மேலே நாலு எட்டு. கீழே ஆறு எட்டு. எதையும் எடுத்து வைக்க முடியவில்லை. கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. செட்டு முழுக்கப் பலகையைச் சுற்றி நின்றது. ஒருவன் முதுகில் ஏறின மூட்டையை இன்னொருவன் தொடக்கூடாது. தொட்டால், உன்னால் ஆகாது என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். பெரிய சண்டைகள் அதில் நடந்திருக்கின்றன. அதனால் யாரும் கையை நீட்டவில்லை. நீட்டாமல் இருக்கவும் முடியாமல் நின்றார்கள்.

மூட்டைக்கு அடியிலிருந்து பாக்கியராஜின் குரல் வந்தது. கெஞ்சல் இல்லை, வலி இல்லை. தினமும் வேலை ஏவுகிற அதே குரல்.

"கீய நிக்காதீங்கடா. தள்ளிப் போங்க. மூட்ட வந்தா உங்க மேல வியும். ஆதி, நீதான் நேரா நிக்கிற. நவுரு."

தன்னைப் பிடிக்கச் சொல்லவில்லை. அவர்களை நகரச் சொன்னான். மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

ஆதிகேசவன் நகரவில்லை. செருப்பை உதறினான். பலகையில் ஏறினான். ஒவ்வொரு எட்டுக்கும் பலகை வளைந்து நிமிர்ந்தது. பாக்கியராஜுக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து, தன் பிடரியை மூட்டைக்கு அடியில் கொடுத்தான். இரண்டு முதுகும் ஒரே மூட்டைக்குக் கீழே ஒட்டி நின்றன. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவன் சொன்னது கதவோரம் இருந்தவளுக்குக் கேட்டது. அவன் சத்தமாகச் சொல்லவில்லை.

"குடுத்துடு, மேஸ்திரிகாரு."

பாக்கியராஜ் அசையவில்லை.

"என் முதுவுக்கு வந்துட்ச்சி. நீ கைய எடு, மேஸ்திரிகாரு."

பாக்கியராஜ் கையை எடுத்தார். ஆதிகேசவன் ஒரு பக்கமாக ஒதுங்கி அவரைத் தாண்டி ஏறினான். மிச்சமிருந்த நாலு எட்டையும் வைத்து, அட்டியின் உச்சியில் மூட்டையைப் போட்டான். தொப்பென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பலகையில் அவர் எத்தனையோ ஆயிரம் தடவை ஏறியிருப்பார். பாதியில் நின்று, வெறும் முதுகோடு திரும்பி இறங்குவது எப்படியென்று அவருக்குத் தெரியவில்லை. துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பலகைக்கு இரண்டு பக்கமும் வந்து தோளைக் கொடுத்தார்கள். "வா மேஸ்திரிகாரு" என்றான் ஒருவன். "பாத்து, மேஸ்திரிகாரு" என்றான் இன்னொருவன். காலையில் சிரித்தவர்கள்தான். அவர்கள் வாயில் அந்த வார்த்தை புதுச்செருப்பைப் போலத் தயங்கித் தயங்கி வந்தது. ஒரு தோளிலிருந்து அடுத்த தோளுக்குக் கையை மாற்றி மாற்றி அவர் இறங்கி வந்தார்.

சீனய்யா வாசலில் நனைந்தபடி நின்றிருந்தான். தினமும் நூறு பேரைக் காரு போட்டுக் கூப்பிடுகிறவன். அவரைப் பார்த்து வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

சின்னப்பொண்ணுவுக்கு அழுகை வரவில்லை. முதல் நாள் சிலிர்த்த மாதிரியே உடம்பு சிலிர்த்தது. செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தாள். இடது காலை அவளே பிடித்து உள்ளே நுழைத்தாள். தோலெல்லாம் சில்லென்று இருந்தது.

ஆதிகேசவன் அட்டியிலிருந்து இறங்கி வந்து, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டான். பொட்டியண்டை உட்கார்ந்திருந்த அப்பாவுவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான். "இன்னா அப்பாவு, மேஸ்திரிகாருக்கு பொட்டில பாக்கி எதுனா கீதா?"

அப்பாவு பொட்டியை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டான். பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது அவனுக்குத் தெரியும். அது பன்னிரண்டு பங்கிலும் குறையும் என்பதும் தெரியும். சிவப்புக் கட்டத் துணியின் முடிச்சை நகத்தால் நெருடினான். வருஷம் முழுக்க வியர்வையும் தூசியும் பட்டு இறுகி, மழையில் ஊறி, முடிச்சு கல்லாகிக் கிடந்தது. பல்லால் கடித்துப் பார்த்தான். அரிவாள் கொண்டு வரட்டுமா என்று ஒருவன் கேட்டதற்கு, அறுக்கக்கூடாது, அவுக்கணும் என்றான்.

"யக்கா, அந்த ஊசிய எடுத்துகினு வா" என்று சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டான்.

அவள் போய் உட்கார்ந்தாள். கோணி ஊசியின் முனையை முடிச்சின் நடுவில் வைத்து, துணி கிழியாமல், இழையிழையாக நெம்பினாள். செட்டு சுற்றி நின்று அவள் கையைப் பார்த்தது. பாக்கியராஜ் கதவோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அதில் எப்படி உட்காருவதென்று இன்னும் பழகவில்லை, நுனியில் இருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவளிடம் பேசினார்.

"வர்தா மே?"

"வர்து, இரு."

ஒரு கண்ணி இளகியது. அடுத்ததும் இளகியது. துணி அவள் விரலோடு வந்துவிட்டது. கைப்பிடியில் அது இருந்த இடம் மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது. அப்பாவு அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தான்.

"மேஸ்திரிகாருக்கு பாக்கி இல்ல" என்றான்.